ஐயந்திரிபற அறிதல்: மூலக்கூறை எடை போடும் கருவி



"நாட்டு மருந்துதானே, கெடுதல் செய்யாது." கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் சரி, பிரிக்பீல்ட்ஸிலும் சரி, இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு வாரம் போகாது. நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும், கோயிலில் பூசை முடிந்து பிரசாதம் வாங்கும் வரிசையிலேயே யாராவது கைப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் காட்டுவார்கள். "முட்டிவலி ரெண்டே நாள்ல போயிடுச்சு தம்பி. மூலிகைதான். நீங்க கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். புட்டியைப் பார்த்து என்ன சொல்வது? கண்ணால் பார்த்தால் பச்சைத் தூள். முகர்ந்து பார்த்தால் சுக்கு வாசனை. உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கண்ணோ மூக்கோ சொல்லாது.

இந்த மாதப் பாடம் அதைச் சொல்லும் ஒரு கருவியைப் பற்றியது. ஆங்கிலப் பெயர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். தமிழில் நிறை நிறமாலைமானி. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் சுருக்கமாக "மாஸ் ஸ்பெக்" என்போம். படிவம் நான்கு, ஐந்தில் வேதியியல் படிப்பவர்களுக்கு இது பாடத்தோடு ஒட்டி வரும். படிக்காதவர்களும் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், தொடரலாம்.

முதலில் 'அளவை'

சைவ சித்தாந்த வகுப்புக்கு வந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இறைவனைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே அளவையைப் பேசுகிறார். ஒன்றை உண்மை என்று எப்படி அறிவது? காட்சி, கருதல், உரை. நேரே காண்பது, கண்டதை வைத்து ஊகிப்பது, நம்பத்தகுந்தவர் சொல்வதை ஏற்பது. அதோடு, காட்சியில் வரும் குறைகளையும் நம் முன்னோர் பிரித்துச் சொன்னார்கள். "அது கட்டையா, மனிதனா?" என்று தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பு என்றே முடிவு கட்டிவிடுவது திரிபு. இரண்டும் நீங்கிய அறிவைத்தான் "ஐயந்திரிபற" அறிதல் என்கிறோம்.

இந்த இரண்டு சொற்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தைச் சோதிக்கும் வேலை முழுவதும் ஐயத்தையும் திரிபையும் ஒவ்வொன்றாக நீக்கும் வேலைதான்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

மூலக்கூறைத் தராசில் வைக்க முடியாது. ஆகவே அதற்கு மின்னூட்டம் கொடுத்து, வெற்றிடத்தில் பறக்க விட்டு, மின்புலத்தாலோ காந்தப்புலத்தாலோ இழுத்துப் பார்க்கிறோம். ஒரே விசையால் தள்ளினால் பிங்பாங் பந்து எளிதில் திரும்பும், கிரிக்கெட் பந்து அவ்வளவு திரும்பாது. எவ்வளவு திரும்பியது, அல்லது எவ்வளவு நேரத்தில் ஓடி முடித்தது என்பதை வைத்து எடையைக் கணக்கிடுகிறோம். சரியாகச் சொன்னால், கருவி அளப்பது எடையை மின்னூட்டத்தால் வகுத்த எண்ணை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே.ஜே. தாம்சன் இந்த முறையில் நியான் வாயுவைச் சோதித்தபோது 20 என்ற இடத்திலும் 22 என்ற இடத்திலும் இரண்டு தடங்கள் விழுந்தன. தனிம அட்டவணையில் நியானுக்கு 20.18 என்று போட்டிருக்கும். உண்மையில் 20.18 எடையுள்ள நியான் அணு ஒன்றுகூட இல்லை. அது வெறும் சராசரி. அவருடைய உதவியாளர் ஆஸ்டன் கருவியை மேம்படுத்தி, ஐசோடோப்புகளைக் கண்டறிந்ததற்காக 1922இல் நோபல் பரிசு பெற்றார்.

மருந்துச் சோதனையில் மாஸ் ஸ்பெக் தனியாக வேலை செய்வதில்லை. அதற்கு முன்னால் நிறப்பகுப்பு என்ற ஒரு படி உண்டு. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் ஒன்றாகத்தான் கிளம்புகிறார்கள். வழியில் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நிற்பவர் தாமதமாக வருவார், எங்கும் நிற்காதவர் முதலில் வருவார். அதேபோல, மாதிரியில் கலந்திருக்கும் பொருள்களை ஒரு மெல்லிய குழாய் வழியே அனுப்பினால், குழாயின் உட்பொருளோடு அதிகம் ஒட்டுவது பின்னால் வரும். வெப்பத்தில் ஆவியாகும் பொருளுக்கு வாயு வழி, அதாவது ஜிசி-எம்எஸ். ஆவியாகாத, சூட்டில் சிதைகிற பொருளுக்குத் திரவ வழி, எல்சி-எம்எஸ். ஆக நமக்கு இரண்டு சாட்சிகள் கிடைக்கின்றன: வந்து சேர்ந்த நேரம், எடை.

மூன்றாவது சாட்சியும் உண்டு. எடை பார்த்த மூலக்கூறை வாயுவோடு மோதவிட்டு உடைத்து, துண்டுகளின் எடையையும் பார்ப்போம். ஒரே மூலக்கூறு ஒரே நிலைமையில் எப்போதும் ஒரே மாதிரிதான் உடையும். அது அதன் கைரேகை.

எவ்வளவு சிறிய அளவைக் கண்டுபிடிக்கும்? ஒரு மில்லிலிட்டரில் ஒரு நானோகிராம் என்பது எங்களுக்குச் சாதாரணம். 25 லட்சம் லிட்டர் கொண்ட 50 மீட்டர் நீச்சல் குளத்தில் அரைத் தேக்கரண்டி சீனியைக் கரைத்தால் வரும் அளவு அது.

மூலிகைக்குள் ஒளிந்திருக்கும் மருந்து

இப்போது அந்த முட்டிவலி மாத்திரைக்கு வருவோம். மூலிகை என்று விற்கப்படும் வலி மாத்திரைகளில் பல நாடுகளின் அதிகாரிகளும் மீண்டும் மீண்டும் கண்டுபிடிக்கும் பொருள் டெக்ஸாமெத்தசோன். இது ஸ்டீராய்டு. மருத்துவர் கையில் இருந்தால் உயிர் காக்கும் மருந்து. அளவு தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளே போனால் முகம் உப்பும், இனிப்புநீர் ஏறும், இரத்த அழுத்தம் கூடும், எலும்பு மெலியும். வலி சட்டென்று குறைவதால் "நல்ல மருந்து" என்று பெயர் வாங்கிவிடும். வலி குறைந்தது உண்மையான காட்சிதான். அது மூலிகையால் குறைந்தது என்று எண்ணுவதுதான் திரிபு.

கணக்கைப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோனின் மூலக்கூறு எடை 392. கருவிக்குள் அது ஒரு புரோட்டானை ஏற்றுக்கொள்வதால் 393 என்ற இடத்தில் தெரியும். உடைத்தால் 373இல் ஒரு துண்டு. 393இலிருந்து 373 போனால் 20. ஹைட்ரஜன் 1, ஃபுளோரின் 19, கூட்டினால் 20. ஆக, ஹைட்ரஜன் ஃபுளோரைடு கழன்றுவிட்டது. அடுத்த துண்டு 355இல். 373இலிருந்து 18 குறைவு. 18 என்றால் தண்ணீர். சுக்கிலும் மிளகிலும் ஃபுளோரின் உள்ள ஸ்டீராய்டு கிடையாது. அந்த 20 தெரிந்தவுடன் ஐயம் பெரும்பாலும் தீர்ந்தது.

திரிபு இன்னும் தீரவில்லை. பீட்டாமெத்தசோன் என்று இன்னொரு ஸ்டீராய்டு இருக்கிறது. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அதே 392. ஒரே ஒரு சிறு கிளை மட்டும் மேலே பார்ப்பதற்குப் பதில் கீழே பார்க்கிறது. எடை மட்டும் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகளில் யார் மூத்தவர் என்று சொல்ல முடியாத கதைதான். இங்கேதான் முதல் சாட்சி, வந்து சேர்ந்த நேரம், கை கொடுக்கிறது. தூய டெக்ஸாமெத்தசோனை அதே குழாயில் ஓட்டி, நேரம் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் அறிக்கையில் பெயர் எழுதுவோம்.

ஏமாற்றுபவர்களும் சும்மா இருப்பதில்லை. 'ஆண்களுக்கான' காப்பி, மிட்டாய், கேப்சூல் என்று விற்பதில் சில்டெனாஃபில் கலப்பார்கள். அது 475இல் தெரியும். சோதனைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறது என்று தெரிந்ததும், மூலக்கூறில் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் கூட்டி ஹோமோசில்டெனாஃபில் ஆக்கினார்கள். எடை 14 கூடி 489 ஆகிவிட்டது. பட்டியலை மட்டும் பார்க்கும் சோதனையில் அது தப்பிக்கும். ஆனால் உடைத்துப் பார்த்தால் இரண்டிலும் 283, 311 என்ற அதே துண்டுகள் வரும். வேடம் மாறினாலும் குடும்பம் தெரிந்துவிடுகிறது. மனிதரிடம் சோதித்துப் பார்க்காத புதுப் பொருள் என்பதால் இது அசலைவிட ஆபத்தானது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுக்கும் ஒருவர் இந்தக் காப்பியைக் குடித்தால் இரத்த அழுத்தம் அடியோடு விழுந்துவிடலாம்.

நம் நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்து கண்காணிப்பது பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், நாம் சுருக்கமாகச் சொல்லும் என்.பி.ஆர்.ஏ. பதிவு பெற்ற பொருளில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும், அதன் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. 'ஏ' என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. 'டி' போட்ட பொருளில் ஸ்டீராய்டு இருக்கவே கூடாது. எண்ணே இல்லாத புட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சிறுநீர்ச் சோதனையில் ஐயமும் திரிபும்

இளைஞர்கள் அதிகம் கேட்கும் பகுதி இது. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, போதைப்பொருளை உட்கொண்ட குற்றத்துக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம். அதற்கு ஆதாரம் ஒரு சிறு போத்தல் சிறுநீர்.

முதலில் செய்வது பட்டைச் சோதனை. சில நிமிடங்களில் முடிவு தெரியும். அது மூலக்கூறின் வடிவத்தைத் தோராயமாகத்தான் பார்க்கிறது. சளி மருந்தில் உள்ள சூடோஎபெட்ரின் சில பட்டைகளில் ஆம்பெட்டமின் போலக் காட்டிவிடும். இருமல் மருந்தில் உள்ள கோடீன் உடம்பில் மார்பினாக மாறும். குருமாவில் அரைத்துப் போடும் கசகசாவில்கூடச் சிறிது மார்பின் உண்டு. ஆகவே பட்டை சொல்வது ஐயம் மட்டுமே. அது தீர்ப்பு அல்ல. அதனால்தான் உறுதிச் சோதனைக்கு மாஸ் ஸ்பெக் வேண்டும்.

திரிபு நீக்குவதற்கு இங்கேயும் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. ஷாபு எனப்படும் மெத்தாம்பெட்டமினின் எடை 149. உடல் மெலிய மருத்துவர் எழுதித் தரும் பென்டர்மினின் எடையும் 149தான். இரண்டிலும் அதே அணுக்கள். எடையை மட்டும் நம்பினால், எடை குறைக்கச் சிகிச்சை எடுத்த ஒரு பெண்ணைப் போதைப்பித்தர் என்று சொல்லிவிடுவோம். வந்து சேரும் நேரத்தையும் உடையும் விதத்தையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

"அப்போ கசகசா சாப்பிட்டேன்னு சொல்லித் தப்பிச்சிடலாமா அண்ணே?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். முடியாது. ஹெரோயின் உடம்பில் சிதையும்போது 6-மோனோஅசிட்டைல்மார்பின் என்ற இடைப்பொருள் வரும். அதன் எடை 327. கசகசாவிலிருந்து அது வரவே வராது. அது சில மணி நேரமே தங்கும் என்றாலும், தெரிந்துவிட்டால் கதை முடிந்தது. கருவி குற்றமற்றவரையும் காப்பாற்றும், குற்றம் செய்தவரின் சாக்கையும் கலைக்கும்.

ஷா ஆலாம் நீதிமன்றத்தில் ஒரு வேதியியலாளர்

2017 பிப்ரவரி 13ஆம் தேதி கேஎல்ஐஏ2 விமான நிலையத்தில் கிம் ஜோங் நாம் முகத்தில் எதையோ பூசிக் கொல்லப்பட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது வி.எக்ஸ். என்ற நரம்பு நஞ்சு என்று அடையாளம் கண்டது பெட்டாலிங் ஜெயாவில் உள்ள நம் வேதியியல் இலாகா, அதாவது ஜபாத்தான் கிமியா. 2017 அக்டோபரில் ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் அதைப் பற்றிச் சாட்சியம் சொன்னவர் அங்குள்ள வேதியியலாளர் டாக்டர் ராஜா சுப்ரமணியம். இறந்தவரின் முகத்திலிருந்தும் கண்களிலிருந்தும் எடுத்த மாதிரிகளிலும், குற்றம் சாட்டப்பட்ட பெண்களிடமிருந்து கைப்பற்றிய பொருள்களிலும் அவர் வி.எக்ஸையும் அது சிதைந்து உண்டாகும் பொருள்களையும் தேடினார். சான்றுப் பொருள்களில் நஞ்சு இன்னும் இருந்ததால், நீதிமன்றமே ஆய்வுக்கூடத்துக்குப் போய் அவற்றைப் பார்வையிட்டது.

வி.எக்ஸின் மூலக்கூறு எடை 267. இத்தகைய நஞ்சை உறுதி செய்ய உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்கள் நம்புவது நிறப்பகுப்போடு சேர்ந்த மாஸ் ஸ்பெக்கைத்தான். சிதைந்த பொருள்களையும் தேடுவது ஏன்? நஞ்சு மெல்ல மெல்ல அழிந்துபோகும். ஆனால் அதன் துண்டுகள் "இங்கே அது இருந்தது" என்று சொல்லும். நெருப்பு அணைந்த பிறகும் சாம்பல் கிடப்பது போல. இது கருதல் அளவைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

அந்த வழக்கு எப்படி முடிந்தது என்பதையும் கவனியுங்கள். தொலைக்காட்சி வேடிக்கை என்று நினைத்தே செய்தோம் என்று இரு பெண்களும் வாதிட்டார்கள். 2019இல் ஒருவர் மீதான கொலைக் குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்பட்டது. மற்றவர் குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுதலையானார். துணியில் இருந்தது என்ன பொருள் என்பதைக் கருவி சொல்லும். மனத்தில் இருந்தது என்ன என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

யானைக்குச் சிறகு: புரதங்கள்

மருந்தும் நஞ்சும் உடம்பில் பெரும்பாலும் புரதத்தின் மீதுதான் வேலை செய்கின்றன. வி.எக்ஸ். முடக்குவது நரம்புக்கும் தசைக்கும் இடையே வேலை செய்யும் ஒரு புரத நொதியை. அதனால் புரதத்தையும் எடை போட வேண்டும். ஆனால் புரதம் மிகப் பெரியது. சூடாக்கி ஆவியாக்கப் போனால் முட்டை வெந்த மாதிரி ஆகிவிடும்.

இதற்கு வழி கண்டதற்காக 2002இல் ஜான் ஃபென், கோய்ச்சி தனாக்கா இருவருக்கும் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. ஃபென் புரதக் கரைசலை மின்னூட்டம் பெற்ற நுண் துளிகளாகத் தெளித்தார். துளி காய்ந்துபோக, புரதம் உடையாமல் மின்னூட்டத்தோடு மிஞ்சியது. மூலக்கூறு யானைகளுக்குச் சிறகு என்று தம் நோபல் உரைக்கே தலைப்பு வைத்தார். தனாக்கா லேசர் ஒளியால் புரதத்தை எழுப்பினார். அவர் ஷிமாட்சு நிறுவனத்தில் வேலை செய்த பொறியாளர், இளங்கலைப் பட்டதாரி. முனைவர் பட்டம் இல்லையே என்று தயங்குபவர்கள் இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை எடுத்துக்கொள்வோம். அதன் பீட்டா சங்கிலியின் எடை 15,867. இது 16 புரோட்டான்களை ஏற்றால் 15,883ஐ 16ஆல் வகுத்து 992.7 என்ற இடத்திலும், 17 ஏற்றால் 15,884ஐ 17ஆல் வகுத்து 934.4 என்ற இடத்திலும் தெரியும். இந்த வரிசையிலிருந்து கணினி திரும்ப 15,867ஐக் கண்டுபிடிக்கும். அரிவாள் செல் நோயில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறி, எடை 30 குறைந்து 15,837 ஆகிறது. 146 அமினோ அமிலங்களில் ஒன்று மாறியது ஒரு எண்ணில் தெரிகிறது.

நம் வட்டாரத்தில் அதிகம் காணப்படும் ஹீமோகுளோபின் 'ஈ'யில் கதை இன்னும் நுட்பமானது. அங்கே 26ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் வருகிறது. எடை வித்தியாசம் வெறும் 1. முழுப் புரதத்தில் அது எளிதில் தெரியாது. அதனால் டிரிப்சின் என்ற நொதியால் புரதத்தை வெட்டுவார்கள். டிரிப்சின் லைசின், அர்ஜினின் இருக்கும் இடத்தில்தான் வெட்டும். புதிதாக ஒரு லைசின் வந்ததால் புதிதாக ஒரு வெட்டு விழும். ஒரு துண்டு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துண்டுகள் இருக்கும். எடையில் மறைந்தது வெட்டில் வெளிப்பட்டுவிடும்.

2016 முதல் படிவம் நான்கு மாணவர்களுக்குத் தலசீமியா சோதனை நடக்கிறது. அதற்கு வேறு எளிய முறைகள் உண்டு. ஆனால் அடிப்படை இதுதான்: தன் இரத்தப் புரதத்தைத் தெரிந்துகொண்ட இருவர், திருமணத்துக்கு முன்பே தெளிவாகப் பேச முடியும். ஜாதகப் பொருத்தம் பார்க்கும் குடும்பங்கள் இந்தத் தாளையும் கேட்டு வாங்கினால் நல்லது.

நாம் செய்ய வேண்டியவை

1. மருந்து வாங்கும்போது பதிவு எண்ணையும் ஹோலோகிராம் ஒட்டையும் பாருங்கள். எண்ணை என்.பி.ஆர்.ஏ.வின் இணையப் பட்டியலில் தேடுங்கள். ஒரு காலத்தில் பதிவு பெற்ற பொருள்கூடக் கலப்படம் தெரிந்தால் பின்னர் இரத்தாகலாம்.

2. "ஒரே நாள்ல வலி போகும்" என்றால் சந்தேகப்படுங்கள். புகை தெரிந்தால் நெருப்பை நினைக்க வேண்டும்.

3. வீட்டில் யாராவது இப்படிப்பட்ட மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டு வந்தால், பிடுங்கிக் குப்பையில் போடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானே சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பாட்டியைத் திட்டாமல் அழைத்துப் போங்கள்.

4. மருத்துவர் தந்த மருந்துக்குச் சீட்டை வைத்திருங்கள். எந்தச் சோதனைக்கு முன்பும் என்ன மருந்து எடுக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

5. வேதியியலில் ஆர்வம் உள்ளவர்கள் எஸ்பிஎம் முடித்ததும் இந்தத் துறையை யோசியுங்கள். பட்டம் பெற்று, 1975ஆம் ஆண்டு வேதியியலாளர் சட்டத்தின்கீழ் பதிவு பெறலாம். நீதிமன்றத்தில் ஒருவரின் விடுதலையோ தண்டனையோ உங்கள் கையெழுத்தை நம்பி இருக்கும் வேலை இது. பொய் சொல்லாத கை வேண்டும்.

சித்த மருத்துவத்தை மதிப்பவன் நான். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். ஸ்டீராய்டைக் கலந்து மூலிகை என்று விற்பவர்கள் முதலில் கெடுப்பது நம் வாடிக்கையாளரின் சிறுநீரகத்தையோ எலும்பையோ மட்டுமல்ல, சித்தர் பெயரையும்தான். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால் சோதனையைக் கண்டு நாம் பயப்படக் கூடாது, நாமே கேட்க வேண்டும்.

வகுப்பில் கலந்துரையாட

அ) கடைக்காரரின் பேச்சு, புட்டியில் ஒட்டிய தாள், ஆய்வுக்கூட அறிக்கை: இவற்றில் எது 'உரை' அளவையாக ஏற்கத் தகுந்தது? ஏன்?

ஆ) ஒரு மூலக்கூறு 475இல் தெரிகிறது. அது சில்டெனாஃபில் என்று உடனே எழுதலாமா? இன்னும் என்னென்ன பார்க்க வேண்டும்?

இ) பட்டைச் சோதனையில் நண்பனுக்கு ஆம் என்று வந்துவிட்டது. உறுதிச் சோதனை முடிவு வரும்வரை அவனைப் பற்றி நாம் எப்படிப் பேச வேண்டும்?